பதினேழாம் எண்

"எட்டாம் வகுப்போட நின்ன பொண்ணுக்கு செஸ் எதுக்கும்மா? அதுக்கெல்லாம் மூளை வேணும்!"

மாமனார் இப்படிக் கேட்டு ஒரு வருடம் ஆகிறது. முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மருமகள் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் அந்த 'மூளை' மட்டும் முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

மகனை செஸ் வகுப்பில் விட்டுவிட்டு, ஜன்னலோர பெஞ்சில் காத்திருந்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவள் அவள். மகன் இரண்டே மாதத்தில் வகுப்பை விட்டுவிட்டான். அவளால் விட முடியவில்லை. கற்றதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். பிறகு ஒருநாள், தையல் வகுப்பில் சேரப்போவதாகச் சொல்லிவிட்டு செஸ் கிளப் தேடிக் கிளம்பினாள்.

முதல் இடத்தில், "குழந்தையைக் கூட்டிட்டு வரலையா?" என்றார்கள்.

"எனக்குத்தாங்க."

"பதினஞ்சு வயசுக்கு மேல சேர்க்கிறதில்லம்மா."

இரண்டாவது இடத்தில், "இதுவரைக்கும் எத்தனை போட்டியில ஆடியிருக்கீங்க?" என்றார்கள். வந்த வழியே திரும்பினாள்.

மூன்றாவது, நூலகத்தின் மாடி அறை. கதவில் 'ஆறு வயது முதல் அறுபது வரை' என்று எழுதி, அறுபதை அடித்து எழுபதாக்கி, அதையும் அடித்து எண்பதாக்கியிருந்தார்கள். படித்ததும் சிரிப்பு வந்தது. கூடவே தைரியமும் வந்தது.

காலை வகுப்பில் சேர்ந்தாள். ஒரு மாதம் கழித்துச் செயலாளர் அவளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். கதவு அகலத்துக்கு ஒரு பலகை. ஆணிகளில் மாட்டிய மரக் காய்கள்.

"இது சுவர் ஆட்டம்மா. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் காய் நகர்த்தலாம். போன்ல சொன்னா நானே மாத்தி மாட்டிடுவேன். யாரோட ஆடுறீங்கன்னு மட்டும் சொல்ல மாட்டேன். எண்தான்."

"ஏன் சார்?"

"பேரு தெரிஞ்சா சின்னவங்க பயப்படுறாங்க. பெரியவங்க ஒரு பொடிசுகிட்ட தோத்துட்டா, என் சட்டையைப் பிடிக்கிறாங்க. நீங்க எண் பதினேழு, கருப்பு. வெள்ளைக் காய் எண் நாலுக்கு. அஞ்சு வருஷமா இந்தச் சுவர்ல தோக்காத ஆளு. ஜெயிச்சீங்கன்னா நம்ம கிளப் அணியில உங்களுக்கு இடம்."

அன்றிலிருந்து, மாலையில் மாமனார் நடைப்பயிற்சிக்குக் கிளம்பியதும் அவள் போனை எடுப்பாள். குரலைத் தாழ்த்தி, "எண் பதினேழு பேசறேன் சார்" என்பாள்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. வீட்டில்தான் நியாயமே இல்லை. நாலாம் எண்ணின் யானையை வெட்டிய சந்தோஷத்தில் பார்த்துப் பார்த்துச் சமைத்த அன்று, "உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல!" என்று மாமனார் தட்டைத் தள்ளினார். தன் யானையைப் பறிகொடுத்த துக்கத்தில் அவள் உப்புப் போடவே மறந்த அன்று, "இன்னிக்குத்தாம்மா சமையல்!" என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"அப்பாவை டாக்டர்கிட்ட காட்டணும்" என்றான் கணவன். "ஒரு நாள் பாட்டுப் பாடிட்டு வர்றாரு, ஒரு நாள் எரிஞ்சு விழறாரு. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறாராம், தொப்பை மட்டும் இம்மி குறையல!"

"வயசாகுதில்ல, விடுங்க" என்றாள் அவள். அவள் மனசெல்லாம் குதிரை மேல் இருந்தது.

இரண்டு மாதம் ஆனது. ஒரு மாலை அவள் போனை எடுத்தாள். இடத்தைச் சொன்னாள். "குதிரையை அங்க வச்சிடுங்க சார். அது... செக்மேட்."

அந்தப் பக்கம் ஆணியில் காய் மாட்டும் சத்தம். பிறகு அறை முழுக்கக் கைதட்டுவது போனில் கேட்டது.

அடுப்படியில் நின்றபடி அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மூளை!

"அணியில நீங்க இருக்கீங்கம்மா!" என்று கத்தினார் செயலாளர். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னொண்ணு. தோத்தவர் ஜெயிச்சவங்க வீட்டுக்கே போய், தன் ராஜாவைக் கையில கொடுத்துட்டு வரணும். அது இங்க வழக்கம். உங்க முகவரியைக் கொடுத்தாச்சு, ஆள் கிளம்பியாச்சு."

"ஐயையோ, வீட்டுக்கா? எங்க மாமா வர்ற நேரம் சார்!"

"வரட்டுமேம்மா" என்று போனை வைத்துவிட்டார் அவர்.

அவள் வாசலுக்கு ஓடினாள். வருகிறவர் யாராயிருந்தாலும், மாமா வருவதற்குள் ராஜாவை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட வேண்டும். சைக்கிளில் ஒருவர் வந்தார், நிற்காமல் போனார். கையில் பையோடு ஒருவர் வந்தார்; எதிர்வீட்டுக்குள் நுழைந்தார்.

தெருமுனையில் அடுத்துத் தெரிந்தது மாமனார்.

'போச்சு!' என்று கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வழக்கத்தைவிட மெதுவாக வந்தார். வாசலில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இத்தனை வருடம் குடியிருக்கும் வீட்டின் கதவிலக்கத்தை ஒருமுறை பார்த்தார். கையிலிருந்த முகவரிச் சீட்டை ஒருமுறை பார்த்தார். கடைசியாக மருமகளைப் பார்த்தார்.

சட்டைப் பையிலிருந்து, ஆணி ஓட்டையோடு இருந்த வெள்ளை ராஜாவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பிறகு, முதன்முதலாக நிஜமாகவே நடைப்பயிற்சிக்குப் போகிறவரைப்போல், தெருவில் இறங்கி நடந்தார்.