கடனை அடைக்க வேணாம்

பெரியப்பா சொத்தில் பஸ் டிரைவருக்குப் பங்கு வந்தது. வீட்டுக் கடனை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்றாள் மனைவி.

"வேணாம். உன் பேர்ல டெபாசிட் போடு," என்றார் அவர்.

"கடனுக்கு வட்டியைக் கொட்டிக் கொடுத்துட்டு, பிச்சைக் காசுக்கு டெபாசிட்டா? நீங்க வண்டியை ஓட்டுங்க, கணக்கை நான் பார்த்துக்கறேன்."

"ஒரு வருஷம் பொறு. நீயே ஒத்துக்குவே."

அவள் பொறுக்கவில்லை. மறுநாள் அவர் டூட்டிக்குப் போனதும், இருவர் பேரிலும் இருந்த கணக்கின் செக்கோடு பேங்கில் போய் நின்றாள்.

கடன் அதிகாரி செக்கைத் தொடவில்லை. "சாருக்குத் தெரியுமாம்மா?"

"சொன்னா விடமாட்டாரு. பைத்தியக்கார மனுஷன்."

"கடனோட சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்திருக்காரும்மா. அவர் இறந்துட்டா பாக்கி முழுசையும் கம்பெனியே கட்டிடும். இப்பவே அடைச்சுட்டா அது கிடைக்காது."

"அவருக்கென்ன சார், கல்லு மாதிரி இருக்காரு."

அதிகாரி தயங்கினார். "ஒரு வருஷத்துக்குள்ள இறந்தாலும் கிடைக்குமான்னு போன மாசம் வந்து கேட்டாரு. டாக்டர் லெட்டரையும் காட்டினாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவள் செக்கை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அப்போ டெபாசிட்டாவே போட்டுடலாமாம்மா?"

"ரெண்டும் வேணாம் சார். அந்த லெட்டர்ல டாக்டர் பேரு என்னன்னு ஞாபகம் இருக்கா?"