நானோ சாகும் காட்சி

நானோ சாகப் போகிறான். அழத்தான் ஆள் கிடைக்கவில்லை.

பழவேற்காடு ஏரிக்கரையில் மைக்கும் கையுமாகத் தலையில் அடித்துக்கொண்டார் இயக்குநர் ஹேமந்த். நானோ அவருடைய ரோபோ நாயகன். முதல் பாகத்தில் ஊரைக் காப்பாற்றினான், இரண்டாம் பாகத்தில் உலகத்தை.

"படத்துல மனுஷங்களே இல்லையே" என்று ஜனங்கள் கழுவி ஊற்றியதால், மூன்றாம் பாகத்தில் கொஞ்சம் மனிதர்களையும் போடச் சொல்லிவிட்டார் தயாரிப்பாளர். ரசத்துக்குக் கறிவேப்பிலை மாதிரி கோட்டைக்குப்பத்திலிருந்து ஒரு கும்பலைக் கூட்டி வந்தாயிற்று. ஏரியில் மூழ்கும் நானோவைப் பார்த்து இவர்கள் கதறினால் படம் பிழைக்கும், ஹேமந்தும் பிழைப்பார்.

"இரும்புதான சார் அது? எங்க போட்டு இன்ஜினு கெட்டுப் போனப்பவே நான் அழல" என்றாள் கும்பலில் முன்னால் நின்ற ஜெயம்மா.

"பேரையாவது ஒழுங்கா சொல்லித் தொலைங்க."

ஒருத்தி நாணா என்றாள். இன்னொருவர் நானா என்றார்.

ரோபோவும் காலையிலேயே காலை வாரியிருந்தது. உப்புத் தண்ணீர் ஏறி, ரிமோட்டுக்கு அசையவில்லை. "மத்தியானத்துக்குள்ள நடக்கலைன்னா நீ வேற வேலை பாத்துக்கோ" என்று மெக்கானிக் விக்கியிடம் எகிறினார் ஹேமந்த்.

சாப்பாட்டு நேரத்தில் கூடாரத்துக்குள் ரோபோவின் உள்பாகங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு விக்கி என்ன மாயம் செய்தானோ, நானோ எழுந்து வந்தான். நண்டு கடிக்குமோ என்று பார்ப்பவன் போலச் சேற்றைக் காலால் துழாவித் துழாவி நடந்தான்.

"இப்பத்தான்டா ரோபோ மாதிரி நடக்குது" என்று ஹேமந்த் விக்கியைத் தட்டிக்கொடுத்தார். விக்கி கூடாரத்தின் வாசலை இழுத்து மூடினான்.

கேமரா ஓடியது. நானோ இடுப்பளவுத் தண்ணீரில் போய்ச் சேற்றில் சாய்ந்தான். தலை முங்கியது. ஒரு கை மட்டும் மேலே வந்து தண்ணீரை அடித்தது. அது கதையில் இல்லை, ஆனால் நன்றாக இருந்தது.

திடீரெனக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கலைவாணி ஓடினாள். சாப்பாட்டுக்குப் பிறகு நானோவையே பார்த்துக்கொண்டு நின்ற பெண். "நைனா, ஐயோ நைனா" என்று வயிற்றில் அடித்துக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தாள். பின்னாலேயே நாலு ஆண்களும் குதித்தார்கள்.

"கட் பண்ணாதே" என்றார் ஹேமந்த். ஒரு இரும்புக்காக இப்படி உருகுகிறார்களே, இனி யார் குறை சொல்வார்கள் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

நானோவைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். ஹேமந்த் கை தட்டிக்கொண்டே போனார்.

"பிரமாதம்மா. மனுஷ உணர்ச்சின்னா இதுதான். பேருதான் தப்பு. நைனா இல்ல, நானோ. டப்பிங்ல பாத்துக்கலாம்."

கலைவாணி அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. ரோபோவின் தலையை இரண்டு கையாலும் திருகிக் கழற்றினாள். உள்ளேயிருந்து ஒரு வாய்த் தண்ணீரும் இருமலும் வந்தன.

"நானோ இல்ல சார், என்னப் பெத்த நைனா."