வெள்ளைப் பத்தி

சாயப்பட்டறைக் கழிவு கிணறுகளில் இறங்குவதைப் பற்றி நிருபர் ஈவா எழுதிய செய்தியை, மேலிடத்திலிருந்து போன் வந்ததும் ஆசிரியர் எடுத்துவிட்டார். அந்த இடம் வெறும் வெள்ளையாகவே அச்சாகி வந்தது.

மறுநாள் காலை பாளையம்பட்டி டீக்கடையில் அவள் நின்றபோது, வழக்கம்போல் கருணாகரன் எல்லோருக்குமாகப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பத்தி வந்தும் அவர் நிறுத்தவில்லை. விரலை ஓட்டி ஓட்டி, அவள் எழுதியதை ஒரு சொல் விடாமல் வாசித்தார். பயத்தில் அவளே எழுதி அடித்துவிட்டிருந்த பட்டறை முதலாளியின் பெயரும் வந்தது.

“அண்ணே, அந்தப் பேர இன்னொருக்கா வாசிங்க” என்றது ஒரு குரல்.

வாசித்தார். “நம்ம கெணத்துக்காக ஈவான்னு ஒரு பிள்ள எழுதியிருக்கு. மகராசியா இருக்கட்டும்.”

ஈவா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பத்தி இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. அவள் உள்ளங்கையில் மட்டும், காயாத அச்சு மை.