கடைவாயில் செருகிய கட்டை

முதலில் தப்பு செய்தவன் கலியமூர்த்தி. என் பெண்டாட்டியின் தம்பி. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பிரெஞ்சுக்காரன் கப்பலேறி மூன்று வருஷம் ஆன சமயம். எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடிவிட்டது. கிராம்பு வைத்தேன். புகையிலை அடக்கினேன். சாராயம் கொப்பளித்தேன், பாதி உள்ளே போயிற்றே தவிர வலி போகவில்லை.

“பல் டாக்டர்கிட்ட போய்யா. வீக்கம் கழுத்துக்கு எறங்குது” என்று அழுதாள் செல்வாம்பாள்.

“போவ மாட்டேன்.”

நான் மாட்டுத் தரகன். மதகடிப்பட்டுச் சந்தையில் முப்பது வருஷமாக மாட்டின் வாயைப் பிளந்து, பல்லைப் பார்த்து வயசு சொல்கிறவன். பிளக்கிற வாய்க்கு என்ன மரியாதை என்று எனக்குத் தெரியாதா?

மறுநாள் காலை கலியமூர்த்தி வண்டியோடு வந்து நின்றான்.

“மாமா, டவுன்ல ஒரு ஜோடி மாடு வெலைக்கு வந்துருக்கு. நீ பாத்துச் சொன்னாதான் ஆச்சு.”

தொழில் என்றால் நான் வலி பார்க்கிறவன் இல்லை. ஏறி உட்கார்ந்தேன். உழவர்கரையிலிருந்து கிளம்பிய வண்டி மிஷன் வீதியில் பல் டாக்டர் வாசலில்தான் நின்றது.

“மாடு எங்கடா?”

“உள்ள கட்டியிருக்கு மாமா, வா.”

டாக்டர் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பியவர். வெள்ளைச் சட்டை, மெல்லிய மீசை. திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலி; கலியமூர்த்தி தோளைப் பிடித்து என்னை அதில் உட்காரவைத்தான். அந்தப் பக்கம் பெஞ்சில் நாலைந்து பேர். அதில் ஒருவன் பலராமன். அவனும் மதகடிப்பட்டுத் தரகன்தான். அவன் காதில் விழுந்த எதுவும் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு வராமல் இருந்ததில்லை.

“வாயைத் தெறங்க, முசே” என்றார் டாக்டர், பிரெஞ்சு மரியாதையில்.

நான் திறக்கவில்லை.

“சும்மா பாக்கத்தான்.”

நானும் மாட்டிடம் அப்படித்தான் சொல்லுவேன். உதட்டை இன்னும் இறுக்கினேன். டாக்டர் கெஞ்சினார். நர்ஸம்மா மூக்கைப் பிடித்தாள். மூக்கடைப்பு எனக்குப் பழக்கம்; உதட்டோரத்தை மட்டும் இம்மி விட்டு, பல் இடுக்கு வழியாகவே மூச்சு விட்டேன்.

அப்போதுதான் கலியமூர்த்தி பெஞ்சு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்.

“விடுங்க டாக்டர். மாட்டுப் பல்லுக்கு அரம் போட்டு, கெழட்டுக் காளைய ஆறு பல்லு எளங்காளைன்னு வித்த ஆளு. தன் பல்லக் காட்ட பயமா இருக்காதா?”

தரகனைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

“எவன்டா அரம் போட்டது...” என்று கத்த வாயைத் திறந்தேன்.

அவ்வளவுதான். டாக்டர் ஒரு மரக்கட்டையை எடுத்து மறுபக்கக் கடைவாயில் செருகிவிட்டார். இனி மூடவும் முடியாது, பேசவும் முடியாது.

“அந்தச் செவலக் காளைதான மாமா?” என்றான் கலியமூர்த்தி.

“ஆ...! ஆ...!”

“பாத்தீங்களா, ஒத்துக்குறாரு.”

திரைக்கு அந்தப் பக்கம் பலராமன் சிரிப்பது கேட்டது. ஊசி குத்தியது தெரியவில்லை. குறடு போட்டது தெரியவில்லை. சொல்ல வேண்டிய பதில் அத்தனையும் தொண்டையில் நிற்க, பல் தட்டில் விழுகிற சத்தம்தான் கேட்டது.

கட்டையை எடுத்ததும் கலியமூர்த்தியைத் தேடினேன். வண்டி பூட்டப் போய்விட்டான்.

“ஒங்க மச்சான் கெட்டிக்காரர்” என்றார் டாக்டர். “‘மாட்டுப் பேச்சை எடுத்தா மாமா வாயத் தெறப்பாரு, கட்டைய கையில வச்சிக்குங்க’ன்னு வந்ததுமே என் காதுல சொல்லிட்டார். சீழ் எவ்வளவு பாத்தீங்கல்ல? இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஆளே இல்ல.”

அது இருக்கட்டும். உயிர் வேறு, பேர் வேறு. வாயில் பஞ்சோடு வண்டிக்குப் போனேன்.

“டேய், பலராமன் உள்ளதான் இருக்கான். நீ சொன்னது பொய்யின்னு சொல்லிட்டு வா.”

“வீக்கம் எறங்கட்டும் மாமா. அப்புறம் பேசிக்கலாம்” என்று மாட்டைத் தட்டினான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, சந்தையில் நான் ஒரு மாட்டின் வாயைப் பிளந்ததும் பலராமன் கேட்டான்: “அண்ணே, அரம் கொண்டாந்தியா?” சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்று முழுக்க ஒரு வியாபாரம் படியவில்லை.

வீக்கம் இறங்கி ஐந்து வருஷம் ஆகிறது. கலியமூர்த்தி பொங்கலுக்கு வருகிறான். தீபாவளிக்கு வருகிறான். செல்வாம்பாள் சுட்ட வடையை என் எதிரிலேயே உட்கார்ந்து கடித்துக்கொண்டு, “பல்லு எப்படி மாமா இருக்கு?” என்று விசாரிக்கிறான். சொன்ன சொல்லை மட்டும் இன்னும் திரும்ப வாங்கவில்லை. அது எனக்கு வரவேண்டிய பாக்கிதான். நான் விடுவதாக இல்லை.

இந்தப் பொங்கலுக்குக் கேட்டே விடலாம் என்றுதான் இருக்கிறேன். ஒரே ஒரு சங்கடம். அந்தச் செவலைக் காளையை என்னிடம் வாங்கி, ஒரு போகம் உழுது முடிப்பதற்குள் சாகக் கொடுத்துவிட்டு, அக்காள் வீடாயிற்றே என்று டாக்டர் வாசல் வரைக்கும் வாயைத் திறக்காதவனும் கலியமூர்த்திதான்.