ஆலைக்குப் போகும் பால்

"வீட்டுல பிள்ளைக்குப் பால் குடுக்கிறவங்க யாராவது இருக்காங்களா?" என்று வாசலில் நின்ற நர்ஸ் என்னிடம் ஒருநாள் கேட்டார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அக்கா படுத்திருந்த அறையைக் கை காட்டினேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் ஊர்க் குப்பையை எரித்துக் கரண்ட் எடுக்கிற ஆலை இருக்கிறது. அந்தப் புகையின் விஷம் தாய்ப்பாலில் இறங்கியிருக்கிறதாம், பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்றார் நர்ஸ். மறுநாளிலிருந்து அக்கா தன் பாலைப் பீய்ச்சிச் நர்ஸ் கொடுத்த மஞ்சள் பையில் கட்டி வைத்தாள். நர்ஸ் பவுடர் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் பையை வாங்கிப் போவார். அதையும் ஆலையில்தான் எரிப்பார்கள்.

"நம்ம வீட்டு ஃபேன் இனிமே உன் பால்லதான் சுத்தும்," என்றார் அக்காவின் கணவர். யாரும் சிரிக்கவில்லை. குழந்தை பவுடர் பாலைத் துப்பிவிட்டு அக்காவின் மார்பில் வந்து முட்டும். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

நேற்று நர்ஸ் வந்தபோது அவருடைய சுடிதாரின் முன்பக்கம் நனைந்திருந்தது. அக்காதான் கவனித்தாள்.

"சிஸ்டர், உங்களுக்கும் கைக்குழந்தையா?"

"ம். ஏழு மாசம்."

"வீடு எங்க?"

"உங்களுக்கு அடுத்த தெருதான்."

"பிள்ளைக்கு என்ன குடுக்கிறீங்க? பவுடரா?"

நர்ஸ் கிளம்பத் திரும்பினார். அக்கா எழுந்து போய்க் கதவை மறித்து நின்றாள்.

"சொல்லுங்க சிஸ்டர். நீங்க உங்க பாலைக் குடுத்தா, நானும் குடுத்துடுறேன்."

நர்ஸ் துப்பட்டாவை இழுத்து ஈரத்தை மூடினார். அக்காவின் கையை மெல்ல விலக்கிவிட்டு, அன்றைய பையை எடுக்காமலே படியிறங்கிப் போனார்.