முப்பத்தொரு அடி

டேப்பின் நுனியை எல்லைக் கல்லில் வைத்து அழுத்தினான். கட்டைவிரலுக்குக் கீழே ஒன்று என்று இருந்தது.

பூஜ்யம் இல்லை. ஒன்று.

டேப்பை இழுத்துக்கொண்டு சொரிமுத்து மறுகோடிக்குப் போய்க்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரன். சுண்டல் வண்டி வைத்திருப்பவன்.

கொத்தனாரான அவனுடைய டேப்பில் முதல் அடி ஒடிந்து விழுந்து மூன்று மாதம் ஆகிறது. புது டேப் வாங்கவில்லை. வேலைக்குப் போகிற இடங்களில் அளந்துவிட்டு ஒரு அடி கழித்துக்கொள்வான். கொத்தனார்கள் செய்வதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை கழிக்கவில்லை.

அன்று அவனுக்குக் கோபம். அடுத்த வீட்டில் கொத்தனார் என்று தான் ஒருவன் இருக்க, சொரிமுத்து எங்கிருந்தோ வேறொருவனைக் கூட்டிவந்து சுற்றுச்சுவர் கட்டிவிட்டான். சுவர் தன் மனையில் ஏறி நிற்கிறது என்று இவன் சத்தம் போட்டுத் தெருவைக் கூட்டினான். தன் பக்கம் அளக்க வழியில்லை. மணலும் ஜல்லியும் சென்ட்ரிங் பலகையுமாகக் கிடந்தது. அதனால் சொரிமுத்துவின் மனையை அளந்தான்.

முப்பது அடி மனை. சுவர் வரைக்கும் முப்பத்தொன்று.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஊருக்கெல்லாம் கழித்துப் பார்த்தவன், தனக்கென்று வந்தபோது மறந்துபோனான்.

சர்வேயரைக் கூப்பிடலாம் என்று யாரோ சொன்னார்கள். சொரிமுத்துதான் வேண்டாம் என்றான்.

“கொத்தனார் அண்ணாச்சி அளந்தா சரியாத்தான் இருக்கும்.”

இரண்டே நாளில் தன் சுவரைத் தானே இடித்தான். ஒரு அடி உள்ளே தள்ளிக் கட்டினால் வீட்டை ஒட்டிய சந்து நாலடியிலிருந்து மூன்றடி ஆகிவிடும். வண்டியின் அகலம் மூன்றரை. இனிமேல் வண்டி தெருவில்தான் கிடக்க வேண்டும். போன வருடம் தெருவில் விட்ட ஒரே ஒரு நாள், அடுப்பும் சிலிண்டரும் களவு போயிருந்தன.

அத்தனைக்கும் சேர்த்து, அளந்து சொன்ன அவன் ஒரு தாராளம் காட்டியிருந்தான். புதுச் சுவரைக் கூலி வாங்காமல் கட்டித் தருவதாக. கலவை குழைத்துத் தயாராக இருந்தது.

“முப்பதுல குச்சி அடிச்சிரவா அண்ணாச்சி?”

கட்டைவிரலை நகர்த்தி அந்த ஒன்றை மறுபடி பார்த்தான்.

நான்தான் தப்பா அளந்துட்டேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

எதிர் வீட்டில் நாலு பேர் டீ கிளாஸோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கட்டிக்கொடுத்த வீடுதான் அது. டேப் பிடிக்கத் தெரியாத கொத்தனார் என்பார்கள். வெட்கத்தில் காது எரிந்தது.

எழுந்து போனான். குச்சியை வாங்கினான். இடித்த சுவரின் தடத்திலேயே அடித்தான்.

“ஒரு அடியில என்ன வே இருக்கு? நீரே வச்சுக்கிடும். பொழைக்கிற வண்டி உள்ள நிக்கட்டும்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

மீசையில் மண் ஒட்டவில்லை.

சொரிமுத்து அவன் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. எதிர் வீட்டிலிருந்து ஒரு குரல், “மனுசன்னா இப்படில்லா இருக்கணும்” என்றது.

கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். சொரிமுத்து விடவில்லை.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து செண்பகம் வந்தாள். சொரிமுத்துவின் மனைவி. புருஷன் சுவரை இடிக்கத் தொடங்கிய அன்று நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியவள். எங்க மண்ணைத் தின்னவன் விளங்கமாட்டான் என்று கத்தியவள். தெருவில் அவளுக்குப் பேய்வாய்க்காரி என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

சொரிமுத்து அவளிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் குச்சியைப் பார்த்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அன்னைக்கு வாய்க்கு வந்ததப் பேசிட்டேன் அண்ணாச்சி. மனசுல வச்சுக்கிடாதீங்க. மன்னிச்சிருங்க.”

இப்போதாவது சொல்லிவிடலாம்.

அவள் காத்துக்கொண்டு நின்றாள். தெருவும் நின்றது.

“இருக்கட்டும் தாயி” என்று அவளை மன்னித்தான்.