மேட்டில் நிற்காத லாரி

"இவனுக்கு ரெண்டு வருஷம் போதாதும்மா. ஆயுசுக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது!"

சாட்சிக் கூண்டில் இன்ஸ்பெக்டர் பொரிந்து தள்ளினார்.

போலீஸ் கை காட்டியும் நிற்காமல் ஓடினால் ஜெயில், அதோடு லைசென்ஸும் ரத்து. எதிர்க் கூண்டில் நின்ற லாரிக்காரருக்கு இருபத்தாறு வருஷமாகச் சோறு போட்டது அந்த லைசென்ஸ்தான். பின் பெஞ்சில் அவர் மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"மேட்டு ரோடு முழுக்க சைரன் போட்டுத் துரத்தினோம். நிறுத்தலையே! ஜன்னல் வழியா கையை ஆட்டி, 'போ, போ'ன்னு கிண்டல் வேற. நான் விடுவேனா? பத்தடி பின்னால ஒட்டிக்கிட்டே போனேன். உச்சியில மண் குவியல்ல முட்டித்தான் நின்னான்."

மாஜிஸ்திரேட் அம்மாள் லாரிக்காரரைப் பார்த்தார்.

"வக்கீல் வைக்கலையா?"

"உள்ளதைச் சொல்ல வக்கீல் எதுக்கும்மா?"

"சரி, சொல்லுங்க."

"மேடு ஏற ஆரம்பிச்சதுமே பிரேக் குழாய் வெடிச்சிடுச்சு. எட்டு டன் செங்கல் லோடு. கை பிரேக் தாங்காது. நிறுத்தினா வண்டி பின்னால உருண்டுடும்."

"முட்டினதுல உடைஞ்ச குழாய்ம்மா அது! மாட்டிக்கிட்டா எல்லாருக்கும்தான் பிரேக் போயிடும்" என்றார் இன்ஸ்பெக்டர். கோர்ட்டே சிரித்தது.

மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. கேஸ் கட்டிலிருந்த போட்டோக்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் யார் எடுத்தது?"

"நாங்கதாம்மா. லாரி வந்த ரோடு பூரா, அடிவாரத்துலேர்ந்து." இன்ஸ்பெக்டர் குரலில் பெருமை வழிந்தது.

"அப்போ, அடிவாரத்துலேர்ந்தே ரோட்டுல பிரேக் எண்ணெய் கோடு போட்ட மாதிரி சிந்தியிருக்கே, அது எப்படி?"

இன்ஸ்பெக்டர் போட்டோவை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"கேஸ் தள்ளுபடி. லைசென்ஸை இப்பவே அவர் கையில குடுங்க."

லாரிக்காரர் மனைவி கோர்ட் என்றும் பாராமல் கைதட்டிவிட்டாள். யாரும் அதட்டவில்லை. இன்னும் நாலு பேர் சேர்ந்து தட்டினார்கள்.

எழுந்திருக்கப் போன மாஜிஸ்திரேட், மனசு கேட்காமல் மறுபடி உட்கார்ந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மேட்டுல வண்டி மெதுவாத்தானே போயிருக்கும்? கதவைத் திறந்து குதிச்சிருந்தா உங்க உயிருக்கு ஆபத்தே இல்லையே. ஏன் குதிக்கல?"

லாரிக்காரர் கூச்சத்தோடு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"எப்படிம்மா குதிக்கிறது? பத்தடி பின்னால ஐயா வந்துக்கிட்டிருந்தாரே!"